கேள்வி – பதில்: பழைய பெரிய கார், எந்த எஞ்சின்?

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயத்தைச் சுற்றியே வருகின்றன. புதிய சின்னக் கார் வாங்கும் பணத்துக்கு ஆறேழு வருடம் ஓடிய பெரிய கார் கிடைக்கிறது. அதில் எந்த எஞ்சினை எடுக்கலாம், மைலேஜ் எவ்வளவு வரும், எந்த வசதிக்காகக் கூடுதலாகக் கொடுக்கலாம் என்று கேட்கிறீர்கள். 24 வருடம் எஞ்சின் பிரித்துப் பூட்டும் வேலை பார்த்தவன் நான். அந்த அனுபவத்திலிருந்து சொல்கிறேன். முதல் கடிதத்துக்குப் பதில் நீண்டுவிட்டது. அதே குழப்பம் பலருக்கும் இருப்பதால் வெட்டவில்லை.

ஐயா, பி.எம்.டபிள்யூ 5 சீரிஸில் 2018 மாடல் மூன்று பார்த்து வைத்திருக்கிறேன். 520டி டீசல், வசதிகள் குறைவு. 530ஐ பெட்ரோல், வசதிகள் நிறைய. 540ஐ பெட்ரோல், மற்ற இரண்டையும்விட அதிகம் ஓடியிருக்கிறது. விலை மூன்றும் கிட்டத்தட்ட ஒன்றுதான். விற்பவர்கள் சொன்ன மைலேஜ் லிட்டருக்கு 15, 11, 9.5 கிலோமீட்டர். எனக்கு ஆபீஸ் 9 கிலோமீட்டர். மாதம் ஒருமுறை பெற்றோரைப் பார்க்க 300 கிலோமீட்டர் போய் வருவேன். மைலேஜைப் பார்த்தால் டீசல்தான் என்று படுகிறது. ஆனால் மனசு 540-ல் நிற்கிறது. எதை எடுக்கட்டும்?

உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் பயன்பட்ட வரி, "ஆபீஸ் 9 கிலோமீட்டர்" என்பதுதான். எஞ்சினைத் தேர்ந்தெடுக்க முதலில் தெரிய வேண்டியது அது. நிறையப் பேர் காரின் நிறம், சீட் நிறம் எல்லாம் எழுதிவிட்டு இதை விட்டுவிடுகிறார்கள்.

முதலில் கணக்கைப் போட்டுவிடலாம். ஆபீஸுக்குப் போய் வர ஒரு நாளைக்கு 18 கிலோமீட்டர், மாதம் 25 நாள் என்று வைத்தால் வருடத்துக்கு 5,400. பெற்றோர் வீட்டுக்குப் போய் வர 600 வீதம் 12 மாதம், 7,200. மொத்தம் 12,600 கிலோமீட்டர். விற்பவர்கள் சொன்ன மைலேஜை அப்படியே எடுத்துக்கொண்டாலும், டீசலுக்கு வருடம் 840 லிட்டர், 530ஐ-க்கு 1,145 லிட்டர், 540ஐ-க்கு 1,326 லிட்டர் ஆகும். டீசலுக்கும் 530-க்கும் உள்ள வித்தியாசம் மாதத்துக்கு 25 லிட்டர் சொச்சம். 530-க்கும் 540-க்கும் மாதம் 15 லிட்டர்தான். உங்கள் ஊரில் என்ன விலையோ அதால் பெருக்கிப் பாருங்கள். இந்த ரகக் காருக்கு ஒரு செட் டயர் மாற்றும் செலவைப் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். மைலேஜை மட்டும் வைத்து முடிவெடுக்க வேண்டாம் என்று நான் ஏன் சொல்கிறேன் என்று புரியும்.

இன்னொன்று. விற்பவர் காட்டும் திரையில் இருக்கிற மைலேஜ் அவர் ஓட்டிய ஓட்டத்தின் மைலேஜ். அவர் தினமும் 60 கிலோமீட்டர் நெடுஞ்சாலையில் போனவராக இருந்தால் அந்த 15 உங்களுக்கு வராது. எஞ்சின் சூடாகும் வரை எரிபொருள் அதிகம் செலவாகும். கூலன்ட் சீக்கிரம் சூடாகிவிடும், ஆயில் சூடாக அதைவிட நேரம் பிடிக்கும். 9 கிலோமீட்டர் ஓட்டத்தில் நீங்கள் வண்டியை நிறுத்தும்போதுதான் எல்லாம் பதமான சூட்டுக்கு வந்திருக்கும்.

சரி, டீசலுக்கு வருவோம். 520டி நல்ல எஞ்சின்தான். 2 லிட்டர், 190 குதிரைத்திறன், 400 நியூட்டன் மீட்டர் இழுவிசை. நெடுஞ்சாலையில் அதன் ஓட்டத்தில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் இந்தக் காலத்து டீசலுக்குப் புகைக்குழாயில் ஒரு வடிகட்டி இருக்கிறது, டிபிஎஃப் என்பார்கள். புகைக்கரி அதில் சேரும். சேர்ந்த கரியை 600 டிகிரி அளவுக்குச் சூடாக்கி எஞ்சினே எரித்துவிடும். அதற்கு நிற்காமல் கால் மணி, இருபது நிமிடம் சீரான வேகத்தில் ஓட வேண்டும். சிக்னலுக்குச் சிக்னல் நிற்கிற ஓட்டத்தில் எரிக்கத் தொடங்கும், பாதியில் நீங்கள் வண்டியை அணைத்துவிடுவீர்கள். மறுநாள் மறுபடி தொடங்கும், மறுபடி பாதியில் நிற்கும்.

அது எங்கே கொண்டுபோய் விடும் என்பதை என் கையாலேயே தொட்டுப் பார்த்திருக்கிறேன். ஒருமுறை இழுவை வண்டியில் ஏற்றி ஒரு டீசல் கார் வந்தது. ஆயில் அளவு பார்க்கும் கம்பியை, டிப்ஸ்டிக்கை உருவினேன். ஆயில் மேல் கோட்டைத் தாண்டி ஒரு கட்டைவிரல் உயரம் நின்றது. யாரும் ஆயில் ஊற்றவில்லை. விரலில் தேய்த்தால் வழவழப்பே இல்லை, தண்ணீர் மாதிரி நழுவியது. மோந்து பார்த்தால் டீசல் வாடை. கரியை எரிக்க எஞ்சின் கூடுதலாகத் தெளித்த டீசலில் ஒரு பகுதி சிலிண்டர் சுவர் வழியாகக் கீழே இறங்கி ஆயிலோடு கலந்துவிட்டது. நீர்த்துப்போன அந்த ஆயிலில் ஓடித் தாங்கிகள் தேய்ந்து, எஞ்சினுக்குள் காற்றை அழுத்தி அனுப்பும் டர்போ போய்விட்டது. அந்த வண்டியின் தினசரி ஓட்டம் 4 கிலோமீட்டர், பிள்ளையைப் பள்ளியில் விட்டுத் திரும்புவது. வண்டியை அதன் சொந்தக்காரர் கண்ணும் கருத்துமாக வைத்திருந்தவர், சர்வீஸ் ஒன்றுகூடத் தவறவில்லை. இந்த ஓட்டத்துக்கு இந்த எஞ்சின் வேண்டாம் என்று வாங்கும்போது அவருக்கு யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான். அன்றிலிருந்து யார் கார் பற்றிக் கேட்டாலும் ஆபீஸ் எவ்வளவு தூரம் என்றுதான் முதலில் கேட்கிறேன்.

உங்கள் மாதாந்திர 600 கிலோமீட்டர் அந்த வடிகட்டியை ஓரளவு காப்பாற்றும், அதை மறுக்கவில்லை. ஆனாலும் நடுவில் நாலு வாரம் முழுக்க நகர ஓட்டம். அதோடு கரி எரிந்தபின் மிஞ்சும் சாம்பல் எரியாது, அது சேர்ந்துகொண்டே போகும். ஏழு வருடம் ஓடிய வண்டியில் அது ஏற்கெனவே எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று ஸ்கேனர் போட்டால்தான் தெரியும். உங்கள் ஆபீஸ் 40 கிலோமீட்டர் தள்ளி இருந்திருந்தால் கண்ணை மூடிக்கொண்டு டீசல் என்றுதான் எழுதியிருப்பேன்.

அப்புறம் பெட்ரோல். பின்னால் ஒட்டியிருக்கும் எண்ணைப் பார்த்து ஏமாறாதீர்கள். முன்பெல்லாம் 530 என்றால் 3 லிட்டர், 6 சிலிண்டர். நீங்கள் பார்த்த 530ஐ 2 லிட்டர், 4 சிலிண்டர், டர்போ உதவியில் ஏறக்குறைய 250 குதிரைத்திறன். 540ஐ-யில்தான் 3 லிட்டர் 6 சிலிண்டர் இருக்கிறது, 340 குதிரைத்திறன் பக்கம். அந்த 6 சிலிண்டருக்கு பி58 என்று பெயர். பிரித்துப் பார்த்தவர்கள் மதிக்கிற எஞ்சின் அது. நேர்வரிசையில் 6 சிலிண்டர் நிற்பதால் அதிர்வு தன்னாலேயே சமன்பட்டுவிடும். சிக்னலில் நிற்கும்போது ஸ்டியரிங்கில் கை வைத்தால் ஓடுகிறதா, அணைந்திருக்கிறதா என்று சந்தேகம் வரும்.

மனசு 540-ல் நிற்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். மாதம் 15 லிட்டர் பெட்ரோல் உங்களுக்குச் சுமை இல்லை என்றால் அதையே எடுங்கள். ஆனால் சர்வீஸ் தாள்களைப் பார்க்காமல் எடுக்காதீர்கள். "கார் திரையில் கேட்கும்போது மாற்றினோம்" என்று சொன்னால் ஆயில் 25,000 கிலோமீட்டர்கூடப் போயிருக்கலாம். டர்போவுக்கும், வால்வுகளை நேரத்துக்குத் திறந்து மூட வைக்கும் டைமிங் செயினுக்கும் அது நல்லதில்லை. 12,000, 15,000-க்குள் மாற்றியதாகத் தாள் இருந்தால் அந்த வண்டி அதிகம் ஓடியிருப்பதைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். அப்படித் தாள் 530-க்குத்தான் இருக்கிறது, 540-க்கு இல்லை என்றால் 530-ஐ எடுத்துக்கொண்டு சந்தோஷமாக வாருங்கள். மனசுக்குப் பிடித்த எஞ்சின் என்பதற்காகத் தாள் இல்லாத வண்டியை எடுக்க நான் ஒருபோதும் சொல்ல மாட்டேன்.

பார்க்கப் போகிற அன்று காலையில் சீக்கிரமே போங்கள். பேசுவதற்கு முன் பானட் மேல் உள்ளங்கையை வையுங்கள். சூடாக இருந்தால் உங்களுக்காக ஓட்டி வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். இன்னொரு நாள் வருகிறேன் என்று மரியாதையாகச் சொல்லிவிட்டுத் திரும்பிவிடுங்கள். ஆறிய எஞ்சினை ஸ்டார்ட் செய்து முதல் பத்து நொடி கேளுங்கள், கண்ணாடியை இறக்கிவிட்டு, ஏசியும் பாட்டும் அணைத்துவிட்டு. எஞ்சின் வயசைச் சொல்கிற நேரம் அதுதான். சங்கிலியை உலுக்குகிற மாதிரி சத்தம் வந்து மெல்ல அடங்கினால், காரணம் தெரியாமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.

சார், என் மெக்கானிக் ஜெர்மன் கார் எதையும் தொடாதே என்கிறார். செயின் போகும், ஆயில் குடிக்கும் என்கிறார். லெக்ஸஸ் ஹைப்ரிட் வாங்கச் சொல்கிறார். அவர் சொல்வது சரியா?

பாதி சரி. அவர் பார்த்த வண்டிகளில் அது நடந்திருக்கும், பொய் சொல்லியிருக்க மாட்டார். ஆனால் கம்பெனி பெயரை வைத்து ஒதுக்கினால் நல்ல எஞ்சினையும் சேர்த்து ஒதுக்கிவிடுவீர்கள். எஞ்சின் குறியீடும் வருடமும்தான் பேச வேண்டும்.

பி.எம்.டபிள்யூ-வில் 2007-ல் வந்த என்47 என்ற 2 லிட்டர் டீசலில் டைமிங் செயின் தேய்மானம் ஊரறிந்த விஷயம். அதைவிடக் கஷ்டம், அந்தச் செயின் எஞ்சினின் பின்பக்கம், கியர்பாக்ஸ் இருக்கும் பக்கம் இருக்கிறது. செயின் விலை பெரிசில்லை, அதைத் தொடுவதற்காக எஞ்சினையோ கியர்பாக்ஸையோ இறக்க வேண்டும், கூலி அங்கேதான் ஏறும். ஆடியும் ஃபோக்ஸ்வாகனும் போட்ட இஏ888 என்ற பெட்ரோல் எஞ்சினில் இரண்டாம் தலைமுறை ஆயில் குடிக்கும். பிஸ்டனில் ஆயிலை வழிக்கிற வளையத்தில்தான் கோளாறு. மூன்றாம் தலைமுறையில் அந்தத் தொந்தரவு பெரிய அளவில் தீர்ந்தது. மெர்சிடிஸின் எம்271 பெட்ரோலில் செயின் நீள்வதும், அந்தச் செயின் சுழற்றும் கேம் பல்சக்கரம் தேய்வதும் உண்டு. ஆகவே "ஆடி வாங்கலாமா" என்று கேட்டால் என்னால் பதில் சொல்ல முடியாது. எந்த எஞ்சின், எந்த வருடம் என்று எழுதுங்கள், சொல்கிறேன்.

சிலிண்டருக்குள் நேராகப் பெட்ரோல் தெளிக்கிற எஞ்சின்களில் இன்னொரு விஷயமும் பார்க்க வேண்டும். பழைய முறையில் பெட்ரோல் உள்ளிழுக்கும் வால்வின் முதுகில் பட்டுப் போவதால் அதைக் கழுவிக்கொண்டே இருக்கும். நேரடித் தெளிப்பில் அந்தக் கழுவல் இல்லை. வால்வின் மேல் கரி அப்பிக்கொள்ளும். வால்நட் ஓட்டுத் தூளைக் காற்றோடு பீய்ச்சி அதைச் சுத்தம் செய்வார்கள். வண்டி லட்சம் கிலோமீட்டரைத் தாண்டியிருந்தால் அது நடந்திருக்கிறதா என்று கேளுங்கள். காலையில் ஸ்டார்ட் செய்ததும் ஒரு சிலிண்டர் விட்டுவிட்டு அடிக்கிற மாதிரி எஞ்சின் குலுங்கினால் அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

லெக்ஸஸ் ஹைப்ரிட் பற்றி உங்கள் மெக்கானிக் சொன்னதை முழுசாக ஏற்றுக்கொள்கிறேன். ஹைப்ரிட் என்றால் எஞ்சினும் மின்சார மோட்டாரும் சேர்ந்து ஓட்டுவது. இஎஸ் 300எச் மாதிரி வண்டியில் 2.5 லிட்டர் எஞ்சின், டர்போ கிடையாது. தனி ஸ்டார்ட்டர் மோட்டார் கிடையாது, ஆல்டர்னேட்டர் கிடையாது, இரண்டு வேலையையும் ஹைப்ரிட் மோட்டார்களே செய்கின்றன. கெட்டுப்போக இருக்கிற பாகமே குறைவு. நின்று நின்று போகிற நகர ஓட்டத்தில்தான் அதன் மைலேஜ் நன்றாக இருக்கும், டீசலுக்கு நேர் எதிர். ஆனால் மேட்டில் அழுத்தி மிதித்தால் எஞ்சின் ஒரே சுருதியில் உறுமும், அது சிலருக்குப் பிடிக்காது. ஒரு நாள் ஓட்டிப் பார்த்துவிட்டு வாங்குங்கள். பின் சீட் பக்கத்தில் பேட்டரிக்குக் காற்று உள்ளே போகும் துவாரம் இருக்கும். அதில் விரலை விட்டுப் பாருங்கள். பஞ்சு மாதிரி தூசி வந்தால் அந்தப் பேட்டரி இத்தனை வருடம் சூட்டில் வெந்திருக்கிறது.

2014 டீசல் செடான் வாங்கியிருக்கிறேன். கம்பெனி புத்தகத்தில் லிட்டருக்கு 23 கிலோமீட்டர் என்று போட்டிருக்கிறது. எனக்கு 15-தான் வருகிறது. எஞ்சினில் கோளாறா?

கோளாறு இருக்க வாய்ப்பு குறைவு. அந்த 23 என்பது என்இடிசி என்ற பழைய ஐரோப்பியச் சோதனையில் வந்த எண். ஆய்வகத்தில் உருளை மேல் காரை நிறுத்தி, 20 நிமிடத்துக்குள், 11 கிலோமீட்டர் ஓட்டுவார்கள். சராசரி வேகம் மணிக்கு 34 கிலோமீட்டர்கூட வராது, ஏசி போட மாட்டார்கள். ஐரோப்பாவில் 2017 செப்டம்பரில் புதிதாக அனுமதி கேட்ட மாடல்களிலிருந்து டபிள்யூஎல்டிபி என்ற சோதனை வந்தது. அது 30 நிமிடம், 23 கிலோமீட்டர், வேகம் 131 வரை போகும். அந்த எண் உண்மைக்குக் கிட்டத்தில் இருக்கும், அதிலும் ஏசி இல்லை. ஆகவே இரண்டு பழைய காரை ஒப்பிடும்போது ஒன்றின் எண் என்இடிசி-யில் எடுத்தது, மற்றது டபிள்யூஎல்டிபி-யில் எடுத்தது என்றால் ஒப்பீடே செல்லாது.

புதிய சோதனையில் எனக்குப் பிடித்த அம்சம், அந்தக் காரில் போட்டிருக்கிற கூடுதல் வசதிகளின் எடையும் சக்கர அளவும் கணக்கில் சேர்கின்றன. ஒரே மாடலில் 17 அங்குலச் சக்கரம் போட்டதற்கும் 20 அங்குலம் போட்டதற்கும் எண் வேறாக இருக்கும். வசதி கூடினால் மைலேஜ் குறையும் என்பதைக் கம்பெனியே எழுதித்தருகிறது.

திரை காட்டும் மைலேஜை நம்பாமல் நீங்களே அளந்து பாருங்கள். டேங்க் நிரப்பி, பம்புக் குழாய் தானாக நிற்கும் முதல் 'டக்'கில் நிறுத்துங்கள், கிலோமீட்டரைக் குறியுங்கள், ஓட்டுங்கள், அதே பம்பில் மறுபடி முதல் டக் வரை நிரப்புங்கள். மூன்று முறை செய்தால் உண்மை தெரியும். 15-க்குக் கீழே திடீரென்று இறங்கினால் மட்டும் டயர் காற்று, பிரேக் ஒட்டிக்கொண்டிருக்கிறதா, கூலன்ட் சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் திறந்தே நிற்கிறதா என்று பாருங்கள். தெர்மோஸ்டாட் திறந்தே நின்றால் எஞ்சின் சூடாகவே ஆகாது, மைலேஜும் இறங்கும், டிபிஎஃப் வடிகட்டியும் அடைக்கும்.

மைலேஜ் பற்றிப் பேசும்போது இதையும் சொல்லிவிடுகிறேன். 10,000 கிலோமீட்டருக்கு 8-லிருந்து 10-க்கு உயர்ந்தால் 250 லிட்டர் மிச்சம். 16-லிருந்து 20-க்கு உயர்ந்தால் 125 லிட்டர்தான் மிச்சம். ஏற்கெனவே நல்ல மைலேஜ் தருகிற இரண்டு காருக்கு நடுவில் 2 கிலோமீட்டர் வித்தியாசத்துக்காகத் தூக்கம் கெட வேண்டாம்.

நான் பார்க்கும் கார்களில் ஒன்று டாப் வேரியன்ட். ஏர் சஸ்பென்ஷன், பெரிய கண்ணாடிக் கூரை, மசாஜ் சீட், கண்ணாடியில் வேகம் தெரியும் ஹெட்-அப் டிஸ்ப்ளே எல்லாம் உண்டு. இன்னொன்று அதே எஞ்சின், வசதி குறைவு, ஆனால் ஒரு வருடம் புதிது. எது நல்லது? – ஒரு வாசகி

அம்மா, ஏர் சஸ்பென்ஷன் பற்றி நானே பட்டதைச் சொல்கிறேன். பல வருடம் முன்பு ஏழு வயசான ஒரு கார் வாங்கினேன், ஏர் சஸ்பென்ஷனோடு, அதாவது ஸ்பிரிங்குக்குப் பதில் காற்று நிரப்பிய ரப்பர் பையோடு. முதல் மாதம் மெத்தையில் போகிற மாதிரி இருந்தது. இரண்டாவது மாதம் ஒரு காலை வெளியே வந்து பார்த்தால் முன் இடது பக்கம் மண்டியிட்டு உட்கார்ந்திருந்தது. ஸ்டார்ட் செய்ததும் ஒரு நிமிடத்தில் எழுந்து நின்றது. எழுந்துவிட்டதே என்று ஆறு வாரம் ஓட்டினேன். அதுதான் தப்பு. ரப்பர் பையில் மயிரிழை அளவு விரிசல், காற்று கசிந்துகொண்டே இருந்தது. கசிந்ததை நிரப்ப கம்ப்ரஸர் ஓயாமல் ஓடி அதுவும் எரிந்துபோனது. ஒரு பக்கத்துப் பையோடு முடிந்திருக்க வேண்டிய செலவு இரட்டிப்பாகிவிட்டது. எஞ்சின் வேலை தெரிந்த நானே அதைத் தள்ளிப்போட்டேன் என்பது இன்னும் மனசில் கிடக்கிறது.

ஆகவே அந்த டாப் வேரியன்ட்டை விற்பவரிடம் ஒன்று கேளுங்கள். முந்தின நாள் இரவு சமமான தரையில் நிறுத்திவிட்டு, காலையில் நீங்கள் வரும்வரை கதவைக்கூடத் திறக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். நாலு சக்கரத்துக்கும் மேலே இருக்கிற இடைவெளியில் விரல்களை வைத்துப் பாருங்கள். நாலிலும் ஒரே அளவு இருக்க வேண்டும். ஒன்றில் இரண்டு விரல், இன்னொன்றில் மூன்று விரல் என்றால் அந்த ரப்பர் பை மாற்றும் செலவை விலையில் கழியுங்கள், இல்லையென்றால் விட்டுவிடுங்கள்.

கண்ணாடிக் கூரையின் நாலு மூலையிலும் தண்ணீர் வடிய மெல்லிய குழாய் இருக்கும். இலையும் தூசியும் அதை அடைத்தால் மழைத்தண்ணீர் தூணுக்குள் இறங்கித் தரைக் கம்பளத்தின் அடியில் தேங்கும். பல கார்களில் அந்தக் கம்பளத்துக்கு அடியில்தான் மின்னணுப் பெட்டிகளும் ஒயர் முடிச்சுகளும் இருக்கின்றன. செருப்பைக் கழற்றிவிட்டு நாலு இடத்திலும் கம்பளத்தைக் காலால் நன்றாக அழுத்திப் பாருங்கள். ஈரம் உடனே தெரியும். உள்ளே உட்கார்ந்ததும் வாசனைத் திரவியம் தூக்கலாக அடித்தால் இன்னும் கவனமாக அழுத்துங்கள்.

ஹெட்-அப் டிஸ்ப்ளே இருக்கிற காரின் முன்கண்ணாடி தனி ரகம். உள்ளே இருக்கிற படலம் ஆப்பு மாதிரி, மேலும் கீழும் தடிமன் மாறும். அப்படி இருந்தால்தான் எண் ஒன்றாகத் தெரியும். எப்போதாவது உடைந்து சாதாரணக் கண்ணாடி போட்டிருந்தால் 60 என்பது இரட்டையாக, நிழல் விழுந்த மாதிரி தெரியும். இரவில் போட்டுப் பாருங்கள். கண்ணாடி மாற்றியிருந்தால் கேமராவைச் சரிசெய்த தாளும் கேளுங்கள். தானாகப் பிரேக் பிடிக்கும் வசதி அந்தக் கேமராவையும் நம்பி இருக்கிறது.

மசாஜ் சீட்டுக்குக் கூடுதலாக ஒன்றும் கொடுக்காதீர்கள். ஆனால் நல்ல சீட்டுக்குக் கொடுங்கள். முதுகுக்கு, தொடைக்கு, பக்கவாட்டுக்கு நகர்கிற சீட், நல்ல ஹெட்லைட், முன்னால் போகும் காரைப் பார்த்துத் தானாக வேகம் குறைக்கும் குரூஸ் கண்ட்ரோல், இந்த மூன்றும் தினமும் உங்களுக்குப் பயன்படும், பிறகு போட்டுக்கொள்வதும் கஷ்டம். பெரிய திரை இரண்டு வருடத்தில் பழசாகிவிடும். 3ஜி இணைப்பை நம்பி வந்த பழைய கார்களில், அந்த நெட்வொர்க்கை நிறுத்திய இடங்களில் இணைய வசதியே போய்விட்டது. எல்இடி ஹெட்லைட்டின் உள்ளே ஈரம் படர்ந்திருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். பெரும்பாலும் அதில் பல்பு மாற்ற முடியாது, முழு விளக்கையும் மாற்ற வேண்டிவரும்.

பின்னால் ஒட்டிய பெயரைப் பார்த்து டாப் வேரியன்ட் என்று நம்ப வேண்டாம். எம் ஸ்போர்ட், ஏஎம்ஜி லைன், எஸ் லைன் என்று இருப்பதெல்லாம் பெரும்பாலும் தோற்றமும் சக்கரமும் சஸ்பென்ஷனும்தான், எஞ்சின் அதேதான். சேசிஸ் எண்ணைக் கொடுத்தால் அந்தக் கார் தொழிற்சாலையை விட்டு வரும்போது என்னென்ன இருந்தது என்ற பட்டியலை எடுத்துத் தருவார்கள். ஆடியில் டிக்கிக்குள் ஒட்டியிருக்கும் தாளிலேயே அந்தக் குறியீடுகள் இருக்கும். பட்டியலில் இருப்பது காரில் இருக்கிறதா, ஒவ்வொரு பொத்தானும் வேலை செய்கிறதா என்று பார்க்க ஒரு மணி நேரம் ஆகும். விற்பவர் அவசரப்படுத்தினாலும் அந்த ஒரு மணி நேரத்தை விட்டுக்கொடுக்காதீர்கள்.

உங்கள் கேள்விக்கு நேரான பதில்: எஞ்சின் ஒன்றே என்றால், ஒரு வருடம் புதிதான, வசதி குறைந்த காரில் நல்ல சீட்டும் நல்ல விளக்கும் இருந்தால் அதை எடுங்கள்.

எட்டு கியர் ஆட்டோமேட்டிக்கில் ஆயில் ஆயுளுக்கும் மாற்ற வேண்டியதில்லை என்கிறார்களே?

காரை விற்கிறவர்கள் அப்படிச் சொல்வதுண்டு. பி.எம்.டபிள்யூ போன்ற கார்களில் வரும் அந்தக் கியர்பாக்ஸைச் செய்த இசட்எஃப் கம்பெனியே 80,000-லிருந்து 1,20,000 கிலோமீட்டருக்குள் மாற்றச் சொல்கிறது. நான் 80,000 பக்கம் நிற்கிறேன். மாற்றியதற்கான பில் இருந்தால் அந்தக் காருக்குக் கொஞ்சம் கூடவே கொடுக்கலாம். நாலு சக்கர இழுவை இருந்தால் நாலு டயரும் ஒரே ரகமா, ஒரே தேய்மானமா என்றும் பாருங்கள். முன்னும் பின்னும் சுற்றளவு மாறினால் சக்தியைப் பிரித்துக்கொடுக்கும் பெட்டி ஓயாமல் தேயும்.

வீட்டில் சார்ஜ் போட வசதி உண்டு, இரவில் தவறாமல் போடுவேன். தினமும் 22 கிலோமீட்டர் ஓட்டம். 2017 மாடல் பி.எம்.டபிள்யூ 330இ பிளக்-இன் ஹைப்ரிட் கிடைக்கிறது. எடுக்கலாமா? – ஓர் ஆசிரியை

உங்களுக்கு எடுக்கலாம். இரவில் தவறாமல் சார்ஜ் போடுவேன் என்று நீங்கள் எழுதியிருப்பதால்தான் சொல்கிறேன். போடாதவர்களுக்கு அது பேட்டரி எடையைச் சும்மா சுமக்கிற பெட்ரோல் கார். அந்த மாடலின் பேட்டரி 7.6 கிலோவாட் மணி. புத்தகத்தில் 40 கிலோமீட்டர் வரை என்று இருக்கும், அதுவும் பழைய என்இடிசி எண்தான். புதிதாக இருந்தபோதே 20, 25 வந்தால் நல்லது என்றுதான் ஓட்டியவர்கள் சொன்னார்கள். உங்கள் 22 அந்த எல்லையில் நிற்கிறது. அதற்கு அடுத்த தலைமுறை 330இ-யில் 12 கிலோவாட் மணி, அது உங்களுக்கு நிம்மதியாக இருக்கும், கைக்கு எட்டினால் பாருங்கள். நீங்கள் பார்த்த 2017 மாடலில் பெட்ரோல் டேங்க் 41 லிட்டர்தான், நீண்ட பயணத்தில் அடிக்கடி நிற்க வேண்டியிருக்கும்.

வாங்கும் முன் விற்பவரை இரவில் முழுசாகச் சார்ஜ் போட்டு வைக்கச் சொல்லுங்கள். காலையில் மின்சார ஓட்டத்தில் மட்டும் வைத்து, நீங்கள் பள்ளிக்குப் போகிற அதே வழியில், ஏசி போட்டுக்கொண்டே ஓட்டுங்கள். பேட்டரி தீர்ந்து எஞ்சின் எத்தனையாவது கிலோமீட்டரில் விழித்துக்கொள்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். 18-க்குக் கீழே வந்தால் விலையைப் பேசுவதற்கு முன் எனக்கு எழுதுங்கள்.